தாத்தா காலத்து ராட்ஜர்ஸ் பேனாக்கத்தி: பாலீஷ் போடலாமா?

மலைநாட்டான் (வால்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவின் பேனாக்கத்தி என்னிடம் வந்திருக்கிறது. இரண்டு அலகு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. கைப்பிடி மரப்பட்டை போலக் கரடுமுரடாக, பழுப்பும் வெளுப்புமாக இருக்கிறது. அலகு முழுக்கக் கறுத்துவிட்டது. அங்கங்கே சிவப்புத் துருவும் உண்டு. பெரிய அலகின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், 'ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பது தெரிகிறது. ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து, நடுவில் ஒரு கிரீடம்.

சாணை பிடிப்பவர் ஒருவர், மெஷினில் பஃப் (சுழலும் துணிச் சக்கரத்தில் பாலீஷ்) போட்டால் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? அப்புறம், இது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பழையஇரும்பு (கோவை)

தம்பி, தயவுசெய்து கொடுக்காதீர்கள். விவரமாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

பழையஇரும்பு (கோவை)

சரி, முதலில் காலம்.

ராட்ஜர்ஸ் என்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கம்பெனி. அந்த ஊரின் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-ல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு முத்திரையைப் பதிவு செய்து கொடுத்தது அந்தச் சங்கம்தான். ராட்ஜர்ஸின் முத்திரை, ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். 1682-ல் பதிவானது. உங்கள் கத்தியில் எழுத்துக்குப் பக்கத்தில் அந்த இரண்டும் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

1822-லிருந்து இவர்கள் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர்கள். அதனால் அந்தந்த அரசரின் முதலெழுத்து அலகில் ஏறியது. வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா ராணி, அதாவது 1837-க்கும் 1901-க்கும் இடையில். ஈ.ஆர். என்றால் பெரும்பாலும் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. உங்களுடையது ஜி.ஆர்., கூடவே 'ஹிஸ் மெஜஸ்டி'. ஐந்தாம் ஜார்ஜோ ஆறாம் ஜார்ஜோ, ஆகவே 1910-க்கும் 1952-க்கும் நடுவில். விக்டோரியாவுக்கு முந்தைய ஜார்ஜ் மன்னர் காலத்துக் கத்திகளிலும் இந்த எழுத்து வரும். ஆனால் உங்கள் தாத்தாவின் வயதோடு அது பொருந்தாது.

சின்ன அலகின் அடியையும், பெரிய அலகின் பின்பக்கத்தையும் பாருங்கள். அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தின்படி, இறக்குமதிச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். அது 1891-ல் அமலானது. 'இங்கிலாந்து' என்ற சொல் கத்திகளில் பரவலாக ஏறியது அதற்குப் பிறகுதான். 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் இன்னும் பிந்தியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி பாலீஷ். மேலே சொன்ன அத்தனையும் எங்கே இருக்கிறது? அலகின் அடியில், கட்டைவிரல் நகத்தின் பாதி அளவுகூட இல்லாத இடத்தில். பஃப் சக்கரம் முதலில் தின்பது அந்த எழுத்தின் விளிம்பைத்தான். இன்னொரு தடவை போட்டால் நட்சத்திரம் ஒரு புள்ளியாகிவிடும். சில அலகுகளின் முகத்தில் அமிலத்தால் எழுதிய வாசகம் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஆழம் மிகக் குறைவு, ஒரே தடவையில் போய்விடும். அலகின் மேல்விளிம்பில் சரிவாக ஒரு பட்டை இழைத்திருப்பார்கள். கைத்தொழிலாளி சக்கரத்தில் கண்பார்வையை நம்பி இழைத்த கோடு அது. பஃப் அதையும் மழுக்கிக் கூழாங்கல்லாக்கிவிடும்.

அடுத்தது சூடு. இந்த அலகு கார்பன் எஃகு. பதம் வைத்த, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய அலகைச் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் மறுபடி சூடாக்கினால் கடினம் இறங்கத் தொடங்கும். கூர் ஓடும் இடம் காகிதம் கனம்தான். சக்கரத்தில் அழுத்திப் பிடித்த சில நொடியில் அங்கே நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் அந்தக் கூர் நிற்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

பட்டறைவாசி (சேலம்)

பெரியவர் சொல்வதில் முத்திரை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தொடாதே, தொடாதே' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கிறவர்கள். துரு என்பது இரும்பைச் சாப்பிடுகிற நோய். அதை 'பழமை' என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது, அதைச் செய்த ஆசாரிக்கு மரியாதை ஆகாது. கத்தி வெட்ட வேண்டும். வெட்டாத கத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழையஇரும்பு (கோவை)

நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம் என்று நினைக்கிறேன். சிவப்புத் துருவை எடுத்தே ஆக வேண்டும். அது அடியில் குழி பறித்துக்கொண்டே போகும். நான் விடச் சொல்வது கறுப்பை. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் என்று வருஷக்கணக்கில் நறுக்கிய கார்பன் அலகில் சாம்பலும் நீலமும் கறுப்புமாக ஒரு படலம் படியும். அது அங்கேயே நின்றுவிடும், அரிக்காது. புதுத் துரு ஏறுவதையும் ஓரளவு தடுக்கும்.

சிவப்பை எடுக்கும் முறை: தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு ஒரு பித்தளைத் துண்டின் மழுங்கிய விளிம்பால் துரு மேல் மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். பித்தளை எஃகைவிட மென்மையானது, அலகில் கீறல் விழாது, துரு மட்டும் தூளாக வரும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் மிக நைஸான ஸ்டீல் உல்லை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கலாம். முத்திரை இருக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். உப்புத்தாள் பக்கம் போகவே போகாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் கை உடனே அதைத்தான் தேடும். சில மாதத்தில் அது சிக்குப் பிடித்து, மூட்டில் தூசியைச் சேர்த்து ஒட்டவைத்துவிடும்.

வெட்டுவது பற்றி: நானும் என்னுடையவற்றில் சிலவற்றைத் தினமும் பையில் வைத்திருக்கிறேன். தீட்டுவது கல்லில், கையால், தண்ணீரோ எண்ணெயோ விட்டு. அவ்வளவுதான் என் கட்சி.

தேம்ஸ்கரை (லண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

வணக்கம். தம்பியின் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பழைய ஷெஃபீல்ட் வில்லுக்கத்திகளைத் தேடித் திரிகிற ஆள். எல்லோரும் அலகையே கதைக்கிறீர்கள். எனக்கு உயிர் அந்த வில்லில்தான்.

இந்தக் கத்திகளில் பூட்டு இல்லை. கைப்பிடியின் முதுகில் ஓடுகிற ஒரு எஃகு வில், அலகின் அடியை அழுத்திக்கொண்டே நிற்கும். அந்த அழுத்தம்தான் அலகைத் திறந்தபடியும் மூடியபடியும் பிடிக்கிறது. நல்ல கத்தியை மெதுவாகத் திறந்து பாருங்கோ. முதலில் கனமாக, பிறகு எண்ணெயில் வழுக்குவது போல வந்து, கடைசி அரை அங்குலத்தில் தானே பாய்ந்து 'டக்' என்று நிற்கும். மூடும்போதும் அதே சத்தம். சத்தம் தளர்ந்திருந்தால் வில் களைத்துவிட்டது, அல்லது அடியில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு சோதனை. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, கத்தியின் முதுகில் நகத்தால் நீளமாக ஒரு இழு. வில்லும் அதன் இரு பக்கத்துப் பித்தளைத் தகடும் ஒரே மட்டமாக இருந்தால் நகம் எங்கும் தட்டாது. அலகை மூடிவிட்டு மறுபடி இழுங்கோ. இரண்டு நிலையிலும் தட்டாவிட்டால், அதைப் பூட்டியவன் அரத்தோடு மணிக்கணக்கில் இருந்திருக்கிறான் என்று அர்த்தம். இன்றைக்கும் விலை கூடிய புதுக் கத்திகளில்கூட இது எல்லாவற்றிலும் சரியாக அமைவதில்லை. பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே கீற்று தெரிகிறதா என்று பாருங்கோ.

பஃப் போடுகிறவர்கள் இதைத்தான் நாசமாக்குகிறார்கள். பாலீஷ் மெழுகு மூட்டுக்குள் போய்ப் பிசினாகிவிடும். முதுகைப் பளபளப்பாக்கும்போது எஃகு ஒரு அளவும் பித்தளை ஒரு அளவும் தேயும். அந்த மட்டம் போனால் போனதுதான்.

மலைநாட்டான் (வால்பாறை)

தேம்ஸ்கரை அண்ணா, நீங்கள் சொன்னபடி நகத்தால் இழுத்துப் பார்த்தேன். பெரிய அலகு திறந்த நிலையில் எங்கும் தட்டவில்லை. மூடினால் நடுவில் லேசாகத் தட்டுகிறது. சத்தம் நன்றாக வருகிறது. நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறது, சிலுவை பாதிதான்.

கைப்பிடி என்ன பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சூடு பண்ணிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கயல் (சென்னை)

சூடான ஊசி கூடவே கூடாது! கைப்பிடி செல்லுலாய்டாக (அந்தக் காலத்து பிளாஸ்டிக்) இருந்தால் தீப்பற்றும். அந்தக் காலத்தில் கொம்பு, தந்தம், ஆமை ஓடு எல்லாவற்றுக்கும் போலியாக செல்லுலாய்டு போட்டார்கள். விரலால் வேகமாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அதைச் செய்யவே கற்பூரம் சேர்ப்பார்கள்.

நான் சேர்ப்பது பெரும்பாலும் பெண்கள் கைப்பையில் வைத்திருந்த சின்னக் கத்திகள். முத்துச்சிப்பிக் கைப்பிடி போட்டவை. அதனால் கைப்பிடிப் பொருள்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்துப் பழக்கம். எலும்பு என்றால், லென்சில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அவை ரத்தக்குழாய் ஓடிய துளைகள். தந்தத்தில் அந்தப் புள்ளி இருக்காது. வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் ஓடும். எருமைக் கொம்பு கறுப்பாக, வழவழப்பாக, வெளிச்சத்தில் ஓரம் லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்கும். தம்பி சொல்லும் கரடுமுரடு எனக்குக் கடமான் கொம்பாகப் படுகிறது. ஓரத்தில் பஞ்சு போன்ற துளைகள் தெரிகின்றனவா?

மலைநாட்டான் (வால்பாறை)

ஆமாம் அக்கா, உள்பக்க ஓரத்தில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. பழுப்பு மேலே, துளை உள்ளே.

பழையஇரும்பு (கோவை)

அப்படியென்றால் கடமான் கொம்புதான். ஷெஃபீல்டுக்காரர்கள் அதை நம் நாட்டுக் காடுகளிலிருந்துதான் வாங்கினார்கள். கடமான் கொம்பு ஐரோப்பிய மான் கொம்பைவிடக் கெட்டி, நடுவில் பஞ்சுப் பகுதி குறைவு, அதனால் தகடாக அறுத்தாலும் உடையாது. காட்டில் தானாக உதிரும் கொம்பைப் பொறுக்கி மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். 1998-ல் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று ஷெஃபீல்டிலும் அமெரிக்காவிலும் பழைய இருப்பில் மிஞ்சிய கொம்புத் துண்டுக்கு விலை ஏறிக்கொண்டே போவதற்கு அதுதான் காரணம். இங்கிருந்து கப்பலில் போன கொம்பு, கைப்பிடியாகி, மறுபடி ஆனைமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்க்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடமான் கொம்போ தந்தமோ, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. இறக்குமதியான தந்தத்தின் வியாபாரத்துக்கும் 1991 திருத்தத்தோடு தடை வந்துவிட்டது. தாத்தாவின் கத்தியை விற்க நினைக்காதீர்கள். மற்றவர்களும் இந்தியாவுக்குள் கொம்பு, தந்தக் கைப்பிடிகளை ஆன்லைனில் வாங்கவோ விற்கவோ இறங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

தேம்ஸ்கரை (லண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

இங்கேயும் 2022 ஜூனிலிருந்து தந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு சில விதிவிலக்கு தவிர வாங்கவும் ஏலாது, விற்கவும் ஏலாது. சந்தையில் பலர் அறியாமல் மேசையில் வைத்திருப்பார்கள், நான் கை வைப்பதில்லை.

சட்டம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டில்லாத, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியை பிரிட்டனில் காரணம் சொல்லாமலே வெளியில் வைத்திருக்கலாம், 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி விடுகிறது. பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. பழைய வில்லுக்கத்தி இங்கே இன்னும் பலரின் காற்சட்டைப் பையில் உயிரோடு இருக்கிறதில் இதற்கும் பங்கு உண்டு.

பட்டறைவாசி (சேலம்)

கொம்பு மட்டுமா போனது? எஃகும்தான் போனது. கொடுமணலில் தோண்டி எடுத்த உலைகளைப் பாருங்கள். மூசையில், அதாவது மண் குடுவையில், எஃகு உருக்கும் வித்தை நம்மிடமிருந்துதானே ஷெஃபீல்டுக்குப் போனது?

பழையஇரும்பு (கோவை)

நம் எஃகின் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் இதை அளந்து சொல்ல வேண்டும். ஷெஃபீல்டின் மூசை எஃகு 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் கண்டது. கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல், தானே உலை போட்டு உருக்கிப் பார்த்தவர். (தேம்ஸ்கரை, உங்கள் வில்லுக்கும் கடிகார வில்லுக்கும் இங்கே ஒரு உறவு!) அவர் நம்மிடம் கற்றார் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

நம் எஃகை அவர்கள் ஆராய்ந்தது பிறகு. பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் இந்திய எஃகுக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1795-ல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரிடம் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொன்னது என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! அதற்கு 450 டிகிரி பாரன்ஹீட்டில் பதம் இறக்கினார், செல்சியஸில் சுமார் 232. கூர் நல்ல எஃகுக் கத்திக்கு நிகராக நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்டோடார்ட் பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து இதே எஃகை ஆராய்ந்தார்.

பஃப் சக்கரத்துச் சூடு பற்றி நான் பயமுறுத்தியது எதற்காக என்று அந்த 232-ஐப் பார்த்தாலே தெரியும், சூடு அதைத் தாண்டினால் பதம் போய்விடும்.

பட்டறைவாசி (சேலம்)

ஹன்ட்ஸ்மன் விஷயம் எனக்குப் புதிது. படிக்கிறேன். பேனாக்கத்தி செய்து பார்த்தார்கள் என்பது அருமை, பெரிய வாளைவிடச் சின்ன அலகில்தான் எஃகின் குணம் உடனே தெரியும்.

கயல் (சென்னை)

பாதுகாப்பது பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. எங்களைப் போல் கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். மெல்லிய எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். கொம்புக் கைப்பிடியைத் தின்னும் வண்டு ஒன்று உண்டு, கம்பளியை அரிக்கிற அதே இனம். எருமைக் கொம்புதான் அதற்கு மிகவும் பிடிக்கும். மாதம் ஒரு தடவையாவது எடுத்துப் பாருங்கள்.

செல்லுலாய்டுக் கைப்பிடியை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது. பழசாகும்போது அதிலிருந்து அமில ஆவி வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் மூடிய கண்ணாடிப் பெட்டியில் அழகாக அடுக்கி வைத்திருந்தார். நடுவில் இருந்த ஒரே ஒரு மஞ்சள் கைப்பிடி உள்ளுக்குள் பொரிந்து, அதைச் சுற்றியிருந்த அலகுகள் வட்டமாகத் துருப்பிடித்தன. தூரத்தில் இருந்தவை தப்பின. பித்தளைத் தகட்டில் பச்சைப் பாசி மாதிரி திடீரென்று படிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. உடனே தனியாக எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

மலைநாட்டான் (வால்பாறை)

எல்லோருக்கும் நன்றி. எண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன். சாணைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதோடு நிறுத்த மனசு வரவில்லை. இன்னொன்று வாங்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது? பட்ஜெட் கொஞ்சம்தான். ஆன்லைனில் 'ராட்ஜர்ஸ்' என்று நிறைய வருகிறது.

தேம்ஸ்கரை (லண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

பெயரைப் பார்த்து வாங்காதையுங்கோ. ராட்ஜர்ஸ் பெயர் கல்கத்தா, பம்பாய் வரை விலைபோன காலத்தில் அதைக் காப்பியடித்தவர்கள் ஏராளம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்துவிட்டு ஷெஃபீல்ட் என்று பொறித்து விற்றார்கள், 1887-ல் பிரிட்டன் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்ததற்கு அந்தக் கூத்தும் ஒரு காரணம். ராட்ஜர்ஸே 1971-ல் பழைய போட்டியாளரான வோஸ்டன்ஹோமை வாங்கியது. பிறகு இரண்டுமே நொடித்து, 1980களில் முத்திரைகள் எகிங்டன் என்ற ஷெஃபீல்ட் குடும்ப நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்தப் பெயரில் இன்றும் புதுக் கத்தி வருகிறது. நல்ல கத்திதான், ஆனால் பழசு என்று யாராவது விலை சொன்னால் ஏமாறக் கூடாது.

பழசு வாங்கினால் அலகு முழுசாக இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கோ. கைப்பிடியை ஒட்டிய அடிப்பகுதி தீட்டப்படாமல் பழைய உயரத்திலேயே நிற்கும். அதைத் தாண்டியதும் கூர்விளிம்பு படியிறங்கினது போல உள்வாங்கியிருந்தால், அவ்வளவு எஃகு கல்லில் போய்விட்டது. கொஞ்சம் தேய்ந்தது பரவாயில்லை, உழைத்த கத்தி. பாதி போனதற்கு முழு விலை கொடுக்காதையுங்கோ.

பழையஇரும்பு (கோவை)

தம்பிக்கு என் யோசனை வேறு. கொஞ்சப் பணம்தான் என்றால் பழசைத் தேடி அலையாமல், பிரான்ஸின் ஒபினெல் எட்டாம் நம்பரைப் புதிதாக வாங்குங்கள், கார்பன் எஃகு அலகு உள்ளது. சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒபினெல் தொடங்கியது. பீச் மரக் கைப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, 1955-லிருந்து கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம். அதில் வில் கிடையாது, ஆகவே தேம்ஸ்கரை என்னோடு சண்டைக்கு வருவார். ஆனால் கார்பன் அலகைத் தீட்டவும் துடைக்கவும் எண்ணெய் போடவும் அதைப்போல் கற்றுக்கொடுக்கும் கத்தி வேறு எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் மரம் ஊதி அலகு வெளியே வர மறுக்கும். கைப்பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முனை எட்டிப் பார்க்கும், சவோய்க்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் திறக்கிறார்கள். வால்பாறை மழைக்கு உங்களுக்கு அது கண்டிப்பாகத் தேவைப்படும்.

தேம்ஸ்கரை (லண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

சண்டை இல்லை ஐயா. ஒபினெல் என் சமையலறையிலும் இருக்கிறது.

ஆனால் யாராவது இங்கிலாந்துப் பக்கம் வந்தால் ஷெஃபீல்டுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கோ. கெல்ஹாம் ஐலண்ட் மியூசியத்தில் ஸ்டான் ஷா செய்த கத்திகள் இருக்கின்றன. தனியாளாகப் பட்டறை வைத்து, அலகு முதல் ரிவெட் வரை தானே செய்த பரம்பரையில் பெரிய கை அவர். 2021-ல் காலமானார். ஊர் நடுவில் உள்ள, கத்தித் தொழிலாளர் சங்கத்தின் கட்லர்ஸ் ஹாலில், 1851 மகா கண்காட்சிக்காக ராட்ஜர்ஸ் செய்த நார்ஃபோக் கத்தி இருக்கிறது, 75 அலகும் கருவியும் ஒரே கைப்பிடியில். பிரமாண்டம்தான். எனக்கென்னவோ, ஸ்டான் ஷாவின் இரண்டு அலகுக் கத்திக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கத் தோன்றும். முதுகைப் பாருங்கோ, வில் எங்கே முடிகிறது தகடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியாது.

கயல் (சென்னை)

கட்லர்ஸ் ஹாலுக்குள் எல்லா நாளும் விடுவார்களா?

தேம்ஸ்கரை (லண்டன், பூர்வீகம் யாழ்ப்பாணம்)

இல்லை, அது விருந்தும் விழாவும் நடக்கிற இடம். போகுமுன் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கெல்ஹாமும் வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, நாள் பார்த்துப் போங்கோ. திரும்பும்போது கத்தி வாங்கினால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கோ, விமான நிலையத்தில் பறிகொடுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.